முதல் ஆளாய் நான் ஏறவில்லை

"முதல் தடவை நீர் பறக்கிறேல்லை, தம்பி. அதை இப்பவே மனசில போட்டுக்கொள்ளும்."

வவுனியாவிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கிய பெரியவர் இதைச் சொன்னபோது என் விமானத்தை இன்னும் கண்ணாலேயே பார்த்திருக்கவில்லை. என் மனைவி கொடுத்த தேநீரை வாங்கிக்கொண்டு, என் பம்பு திருத்தும் கடைக்குள் கிடந்த கதிரையில் இருந்தபடி சொன்னார். அவர் வெளிநாட்டில் நெடுங்காலம் சிறிய விமானங்கள் ஓட்டியவர், பலருக்கு ஓட்டப் பழக்கியவர். ஓய்வுபெற்று ஊரோடு வந்திருந்தார். உரிமம் உள்ள ஒருவர்தான் முதலில் ஓட்டவேண்டும் என்று கொழும்பு அதிகாரிகளும் அனுமதி தரும்போதே சொல்லியிருந்தார்கள். எல்லாம் எனக்குத் தெரிந்த விஷயம்தான். ஆனாலும் அவர் வாயால் கேட்டபோது பற்றிக்கொண்டு வந்தது.

"சேர், இத்தனை வருசமா இருந்து இதைச் செய்தவன் நான். இதில இருக்கிற ஒவ்வொரு ஆணியும் எனக்குத் தெரியும்."

"ஆணி தெரியும், ஓம். பறக்கத் தெரியாது. விமானமும் புதுசு, ஓட்டுறவரும் புதுசு எண்டா ஆர் ஆரைக் காப்பாத்துறது?"

நான் பரந்தனில் தண்ணீர்ப் பம்பும் உழவு இயந்திரமும் திருத்துகிறவன். விமானத்துக்கான வரைபடத்தை வெளிநாட்டில் இருந்து வாங்கினேன். அலுமினியக் குழாய்களை வெட்டி, பழைய கார் எஞ்சின் ஒன்றை அதற்கேற்ப மாற்றி, கடைக்குப் பின்னால் இருந்த கொட்டிலில் ஒற்றை ஆள் ஏறக்கூடிய ஒரு விமானத்தைக் கட்டி முடித்தேன். இறக்கைகளுக்குத் துணி தைத்தவள் என் மனைவி. முல்லைத்தீவுக் கரையில் கடற்றொழில் செய்யும் குடும்பத்துப் பெண். "தைச்சது நான். எனக்குத் திருப்தி இல்லாம இது எழும்பாது" என்று அவள் ஏற்கனவே சொல்லிவைத்திருந்தாள். இப்போது அவளுக்குத் துணையாக இன்னொருவரும் வந்து சேர்ந்துவிட்டார்.

எஞ்சினை முதன்முதல் ஓட்டிப் பார்த்தது, பெரியவர் வருமுன்பே, கடைக்குப் பின்னால்தான். அந்த இரைச்சல் கிளம்பியதும் முன்வீட்டு அம்மா அடுப்பில் கிடந்ததை அப்படியே விட்டுவிட்டு, பேத்தியைத் தூக்கிக்கொண்டு பின்வளவுக்குள் ஓடிப் போய்க் குப்புறப் படுத்துவிட்டார். நான் எஞ்சினை நிறுத்திவிட்டு ஓடினேன். "உங்களில பிழையில்லைத் தம்பி, நான்தான் விசர் வேலை பாத்திட்டன்" என்று சிரிக்கப் பார்த்தார். சண்டைக் காலத்தில் குண்டு போட விமானம் வந்தால் இப்படிப் படுத்துப் பழகியவர். அதன்பிறகு பரந்தனில் அதை ஓட்ட எனக்கு மனம் வரவில்லை. இறக்கைகளைக் கழற்றி, லொறியில் ஏற்றி, ஜெயபுரத்துக்குக் கொண்டுபோனேன். அங்கே என் நண்பன் ஒருவன் கச்சான் கடலை பயிரிடுகிறான். அவனுடைய தகப்பன் மலைநாட்டுத் தோட்டத்தில் இருந்து வந்து காடு வெட்டிக் குடியேறியவர். அவனுடைய காணிக்குப் பக்கத்தில் நீளமாக, மேடு பள்ளமில்லாமல் ஒரு தரிசு கிடந்தது. அதைத்தான் அதிகாரிகளும் வந்து பார்த்துச் சம்மதித்திருந்தார்கள்.

பெரியவர் அங்கே செய்யச் சொன்ன முதல் வேலை, விமானத்தை நிறுப்பது. நெல் களஞ்சியத்தில் இருந்து தராசுகளை இரவல் வாங்கி, முன் சில்லுகள் இரண்டுக்கும் பின் சில்லுக்கும் கீழே ஒவ்வொன்றாக வைத்தோம். அவர் ஏறி இருந்தார். இறங்கினார். கணக்குப் பார்த்தார். தலையை ஆட்டினார்.

"வால் பாரம். இப்பிடியே எழும்பினா மூக்கு மேல தூக்கும். எவ்வளவு தள்ளினாலும் இறங்காது. பிறகு நீங்கள் வந்து என்னைப் பொறுக்கவேண்டியதுதான்."

காரணம் எனக்கு உடனே விளங்கியது. வால் அழகாக இருக்கட்டும் என்று பூச்சுக்கு மேல் பூச்சாகப் பெயின்ற் அடித்திருந்தேன். "காணும், விடுங்கோ" என்று மனைவி அப்போதே சொன்னவள். இப்போது உரஞ்சுகிற கடதாசியை எடுத்து என் கையில் தந்தாள். பூச்சை உரஞ்சி எடுக்கவும், இருக்கைக்குப் பின்னால் இருந்த பற்றரியை எஞ்சினுக்குப் பக்கத்தில் மாற்றவும் எனக்கு ஒரு கிழமைக்கு மேல் போயிற்று. திரும்ப நிறுத்தோம். இன்னும் கொஞ்சம் பாரம் முன்னுக்கு வரவேண்டும் என்றார். திரும்பக் கழற்றினேன்.

அடுத்தது, நிலத்தில் ஓட்டிப் பார்ப்பது. அவர் ஓட்டியபிறகு, இறக்கைக்கு அருகில் நடந்து வந்தபடி என்னையும் ஓட்டவிட்டார். ஆள் நடக்கிற வேகத்துக்கு மேல் போகக் கூடாது. திருப்புவது காலால்தான். இடது காலை மிதித்தால் இடப்பக்கம், வலது காலை மிதித்தால் வலப்பக்கம். கேட்க லேசாக இருக்கும். நான் மிதித்தால் விமானம் வெறிகாரனைப் போல அங்குமிங்கும் போனது. நண்பன் தடியோடு காணியின் மறுகரையில் நின்றான்.

"அண்ணே, நிப்பாட்டுங்க! மாடு வருது! அண்ணே!"

மாடு போனபிறகு தொடங்கினால் எஞ்சின் சூடேறிவிடும். எஞ்சின் ஆறினால் இன்னொரு மாடு வரும்.

எல்லாவற்றையும்விட எனக்கு வெறுப்பேற்றியது பெற்றோல் சோதனைதான். விமானம் மேலே ஏறும்போது மூக்கு நிமிர்ந்திருக்கும். அந்த நிலையிலும் எஞ்சினுக்குப் பெற்றோல் தடையில்லாமல் வரவேண்டும். அதைப் பார்ப்பதற்காக ஒரு கிடங்கு வெட்டி, பின் சில்லை அதற்குள் இறக்கி, மூக்கை நிமிர்த்தி நிறுத்தினோம். எஞ்சினுக்குப் போகும் குழாயைக் கழற்றிப் போத்தலுக்குள் விட்டோம். எனக்கு இதில் சந்தேகமே இருக்கவில்லை. பம்பு திருத்தியே வயது போனவன் நான். குழாயில் முதலில் நன்றாகத்தான் ஓடியது. பிறகு மெலிந்து, சொட்டுச் சொட்டாகி, நின்றுவிட்டது.

பெரியவர் போத்தலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "மரங்களுக்கு மேல வைச்சு எஞ்சின் இப்பிடி நிண்டிருக்கும்" என்றார்.

இரண்டு நாள் வடிகட்டி, குழாய், பெற்றோல் தாங்கி எல்லாவற்றையும் கழற்றிக் கழுவினேன். ஒன்றும் அகப்படவில்லை. பெற்றோல் குறையக் குறையத் தாங்கிக்குள் காற்றுப் போவதற்கு மேலே விரல் பருமனில் ஒரு சின்னக் குழாய் இருக்கிறது. கடைசியில் அதற்குள் ஒரு கம்பியை விட்டபோது ஈர மண் வந்தது. குளவி உள்ளே கூடு கட்டியிருந்தது. துடைத்து, கழுவி, சோதனை செய்தோம். நன்றாக ஓடியது. மூன்றாம் நாள் போய்ப் பார்த்தால் அதே குழாய்க்குள் மறுபடி மண். அந்தக் குளவியைத் தேடிப் பிடித்து அடிக்கவேண்டும்போல் இருந்தது. மனைவி நுளம்பு வலையில் ஒரு துண்டை வெட்டி, குழாயின் வாயை மூடிக் கட்டினாள்.

அதுவும் முடிந்ததென்று பார்த்தால் தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்றுத் தொடங்கிவிட்டது. எங்கள் தரிசு வடக்குத் தெற்காகக் கிடக்கிறது. காற்றோ குறுக்கே அடிக்கிறது. பெரியவர் விடிய முதல் பஸ்ஸில் வருவார். கம்பத்தில் கட்டியிருந்த சீலைத் துண்டு படபடப்பதைப் பார்ப்பார். நண்பன் வீட்டில் தேநீர் குடிப்பார். "இண்டைக்குச் சரிவராது" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போவார். இப்படியே எத்தனை விடியற்காலை! ஒருநாள் என் பொறுமை போய்விட்டது.

"சேர், உங்களுக்குப் பயமெண்டா நேர சொல்லுங்கோ. நான் வேற ஆளைப் பாக்கிறன்."

"ஓம், பயம்தான்" என்றார் அவர். கோபிக்கவில்லை. குடையை எடுத்துக்கொண்டு பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தார்.

வீட்டுக்கு வந்து குசினிக்குள் போனதும் மனைவி என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்கட அப்பா கரையில நிண்டு கடலைப் பாத்திட்டு, வள்ளத்தை இறக்காமலே திரும்பி வந்த நாளுகள் இருக்கு. அண்டைக்கு எங்களுக்குச் சாப்பாடு இல்லை. ஆனா அவரைப் பயந்தவர் எண்டு நாங்கள் ஒருத்தரும் சொன்னேல்லை."

பெரியவர் இனி வரமாட்டார் என்றே நினைத்தேன். ஆனால் அடுத்த கிழமை, சீலைத் துண்டு அசையாமல் தொங்கிய ஒரு காலையில், அவர் தலைக்கவசத்தோடு வந்து இறங்கினார். முன்னர் நடந்த கதையை எடுக்கவேயில்லை.

ஏறுவதற்கு முன் எங்களை வரிசையாக நிறுத்திச் சொன்னார். தீயணைக்கும் போத்தலும் மண் வாளியும் என் பொறுப்பு. நண்பன் உழவு இயந்திரத்தை ஓடவிட்டுக்கொண்டு தயாராக இருக்கவேண்டும். மனைவி கையில் தொலைபேசி, பக்கத்தில் கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குப் போக ஒரு வான். "எஞ்சின் நிண்டா நான் திரும்பி வரமாட்டன். நேர முன்னால கச்சான் தோட்டத்துக்க இறக்குவன். விசிறி நிக்கும்வரை ஒருத்தரும் கிட்ட ஓடி வராதேங்கோ."

நண்பன் தன் கச்சானை ஒருமுறை திரும்பிப் பார்த்தான். "பரவால்லங்கய்யா" என்றான்.

விமானம் புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஓடியது. பிறகு புழுதி நின்றுவிட்டது. சில்லுகளுக்கும் நிலத்துக்கும் நடுவில் வெளிச்சம் தெரிந்தது. நண்பன் என்னவோ கத்தினான். மனைவி சிலுவை போட்டுக்கொண்டாள். நான் வாளியைப் பிடித்தபடி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவர் பற்றைக்காட்டுக்கு மேலே வளைந்து திரும்பியபோது என் கால் இரண்டும் மண்ணை மாறி மாறி மிதித்துக்கொண்டிருந்தன. சந்தோசப்படவேண்டிய நேரம். எனக்கு வந்ததோ, அந்த இருக்கையில் நான் இல்லையே என்ற எரிச்சல்.

ஒரு சுற்றுத்தான். இறங்கும்போது ஒருமுறை துள்ளி, ஓடி, எங்களுக்கு முன்னால் வந்து நின்றது. விசிறி நின்றதும் ஓடினேன்.

"எப்பிடி இருந்தது, சேர்?"

"இடது பக்கம் இழுக்குது. எஞ்சின் சூடும் கூட. நாளைக்குக் கழட்டிப் பாரும்."

"வேற?"

"வேறென்ன? சொன்னன் எல்லோ, இழுக்குது."

அவ்வளவுதான். மனைவி சீலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள். கண்ணீரும் வந்தது.

இடது பக்க இழுவையை நிமிர்த்தியாயிற்று. சூட்டுக்கும் வழி பார்த்தாயிற்று. அவர் இதுவரை பல முறை பறந்துவிட்டார். நான் ஓட்டப் பழகுவதற்குப் பதியப் போனேன். பரிசோதித்த டொக்டர், பிறசர் கூடிப்போய்க் கிடக்கிறது, குறைத்துக்கொண்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார். பெரியவரிடம் சொன்னேன். "எல்லாத்துக்கும் எரிஞ்சு விழுந்தா அது ஏறாம என்ன செய்யும்" என்றார். இப்போது காலையில் குளிசை, பின்னேரம் நடை. மனைவி கறிக்கு உப்பைக் குறைத்துவிட்டாள். அதற்கும் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.