அரைத் தலைக்கட்டு

என் மகள் பதினொன்றாம் வகுப்பில் அரசியல் பாடத்தைத் தேர்ந்தெடுத்தபோது எங்கள் தாராவிச் சந்தில் கேலி செய்யாத ஆள் இல்லை. "காமர்ஸ் படிச்சா பேங்க்ல உக்காரலாம். பாலிடிக்ஸ் படிச்சி என்ன, எலெக்‌ஷன்ல நின்னு கார்ப்பரேட்டர் ஆவப் போறாளா?" என்றார்கள். எட்டாவதோடு நின்றுபோய், ஒர்க்‌ஷாப்பில் தைத்த துணிக்கு நூல் நறுக்குகிற எனக்கு என்ன தெரியும்? அம்மன் விட்ட வழி என்று இருந்தேன்.

வருஷக் கடைசியில் ஒரு ப்ராஜெக்ட் கொடுத்தார்கள். வீட்டுப் பக்கத்தில் ஏதாவது ஓர் அமைப்பில் தேர்தல் எப்படி நடக்கிறது என்று விசாரித்து எழுத வேண்டும். இருபது மார்க். அவள் எங்கள் ஊர்ச் சங்கத்தைத் தேர்ந்தெடுத்தாள். திருநெல்வேலிப் பக்கம் ஒரே ஊரிலிருந்து வந்த குடும்பங்களின் சங்கம் அது. சந்து முனை அம்மன் கோயில் அதன் பொறுப்பு. கல்யாணமான ஆண் ஒருவர் ஒரு தலைக்கட்டு. அவர் வரி கட்டுவார், ஆண்டுக் கூட்டத்தில் கை தூக்கி நிர்வாகிகளைத் தேர்ந்தெடுப்பார். அவர் போய்விட்டால் அந்த வீடு அரைத் தலைக்கட்டு. பாதி வரி, கை தூக்கக் கூடாது. என் வீட்டுக்காரர் தவறி ஆறு வருஷம். ஆறு வருஷமாக நான் அரை.

சத்தியமாகச் சொல்கிறேன், அது எனக்கு உறைத்ததே இல்லை. சலுகை என்றுதான் நினைத்திருந்தேன்.

எழுதி முடித்ததும் கையெழுத்துக்காகச் சங்கச் செயலாளரிடம் போனோம். எனக்கு அண்ணன் முறை. கோயில் வாசலிலேயே நிறுத்தி, "இங்கிலீஷ்ல என்ன எழுதியிருக்க, தமிழ்ல சொல்லு பாப்போம்" என்றார். அவளும் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். புருஷன் இல்லாத பெண்களுக்கு ஓட்டு இல்லை என்ற வரி வந்ததும் அவர் பேனாவை மூடினார்.

"இத எடுத்துட்டு வா. கையெழுத்து போடுதேன்."

"அது பொய்யா மாமா?"

"பொய்னு சொன்னேனா? வெளியில தெரியணுமான்னு கேக்கேன்."

வீட்டுக்கு வந்து நான் அவளைத்தான் ஏசினேன். "ஒரு வரிதானட்டி? எடுத்துட்டுப் போயேன். சாமி காரியம்."

"சாமியா எழுதி வச்சுது? அரே மம்மி, உள்ள இருக்கதே ஒரு பொம்பளதான? அவளுக்கு ஓட்டு உண்டான்னு கேளு!"

நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அவள் அந்த வரியை எடுக்க மாட்டேன் என்றுவிட்டாள்.

மறுநாள் சாயந்திரம் நான் மட்டும் சங்கத்து அறைக்குப் போனேன். நாலைந்து பேர் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். "அண்ணாச்சி, திங்கக்கிழம குடுக்கணும். பிள்ளைக்கு மார்க்கு போயிரும்" என்றேன். செயலாளர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"எம்மா, இது சங்கத்து விஷயம். ஒங்க வீட்ல ஆம்பள யாரும் இருந்தா வரச் சொல்லு, பேசுவோம்."

என் வீட்டு ஆம்பளையைச் சயான் சுடுகாட்டுக்குச் சுமந்து போன தோள்களில் அவர் தோளும் ஒன்று.

"அவிய வரமாட்டாவ அண்ணாச்சி," என்றேன். "நீங்கதான தூக்கிட்டுப் போனீய?"

ஒருவர் அவசரமாக, "சரி விடு தாயி, டீ குடி" என்றார். நான் குடிக்கவில்லை.

திரும்பி நடந்தேன். வெள்ளிக்கிழமைதோறும் கோயில் விளக்குகளைப் புளி போட்டுத் தேய்ப்பது யார்? கொடைத் திருவிழாவுக்கு முளைப்பாரி தூக்குவது யார்? அந்தக் கைகளை அரை என்று எவனும் சொன்னதில்லை. சர்க்கார் தேர்தலில் இதே செயலாளரும் நானும் ஒரே வரிசையில் நின்று ஒரே மையை விரலில் வாங்கிக்கொள்கிறோம். அங்கே நான் முழு ஆள். என் தாயின் சன்னதியில் மட்டும் அரையா? இதை அம்மன் சொல்லியிருக்க மாட்டாள். அவள் பேரைச் சொல்லி இவர்கள் செய்தது.

வீட்டுக்குள் நுழைந்ததும் கேட்டேன்: "கையெழுத்து செக்ரட்டரிதான் போடணும்னு இருக்கா?"

மகள் கடைசிப் பக்கத்தைப் பார்த்தாள். "விவரம் சொன்னவர் கையெழுத்துன்னுதான் இருக்கு."

"அப்ப என்ட்ட கேளு."

முதலில் சிரித்தாள். பிறகு நோட்டை விரித்து, யாரோ வெளியாளிடம் கேட்பதுபோல, "நீங்க சங்கத்துல எவ்வளவு நாளா இருக்கீங்க?" என்று ஆரம்பித்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். டீ டம்ளர், செயலாளர் சொன்ன வார்த்தை, எதையும் விடவில்லை. கடைசியில் தமிழில் என் முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

"மெதுவா, மம்மி. பேப்பர் கிழிஞ்சிரும்" என்றாள்.

அடுத்த வெள்ளிக்கிழமையும் விளக்குத் தேய்க்கப் போனேன். அது எனக்கும் அம்மனுக்கும் உள்ளது. செயலாளர் வந்து, "பிள்ள ப்ராஜெக்ட் என்னாச்சு?" என்றார்.

"குடுத்தாச்சு அண்ணாச்சி. அந்த வரியும் அதுல இருக்கு."

ஆண்டுக் கூட்டம் ஆடியில், கோயிலுக்குள்ளேயே. எங்களைப் போன்றவர்களுக்கு வாசல்படியில்தான் இடம். இந்த ஆடியில் நான் உள்ளே போய் உட்காருவேன், கையையும் தூக்குவேன். எண்ணுகிறவர் அம்மன் முன்னால் நின்றுகொண்டு என் கையை எப்படி விட்டுவிட்டு எண்ணுகிறார் என்று பார்க்கத்தான் போகிறேன்.