நாங்கள் என்கிற ஒருத்தி

என் வீட்டு வாசலில் விருந்தாளி யாராவது ஷூவைக் கழற்றிப் போட்டால் எதிர்வீட்டுக் கதவு திறந்துகொள்ளும். அவள் வெளியே வந்து, குனிந்து, இரண்டு விரலை ஷூவுக்குள் விட்டு நுனிவரை தடவிப் பார்ப்பாள். பிறகு என் வீட்டுக்குள் கழுத்தை நீட்டுவாள். "அக்கா, இது யாரோட ஷூ? வலது கால்ல மட்டும் ஈரம் அதிகமா இருக்கே." போன மாதம் எங்கள் அச்சக முதலாளி இப்படித்தான் அகப்பட்டுக்கொண்டார். கோபப்படுவார் என்று நினைத்தேன். டீ ஆறிப்போகும்வரை தன் வலது பாதத்தின் வரலாற்றை அவளிடம் ஒப்பித்துவிட்டுப் போனார்.

எங்கள் மாடியில் அவளுக்குப் பெயர் ஷூ டாக்டர். பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் படிக்கிறாள். நல்ல உயரம். ஆனால் தரையையே பார்த்து நடப்பதால் அந்த உயரம் யாருக்கும் தெரியாது. முகங்கள் அவள் நினைவில் நிற்பதில்லை, கால்கள்தான் நிற்கும். "நாலாவது மாடி மாமா" என்றால் விழிப்பாள். "பழுப்பு ஷூ, இடது குதிகால் தேஞ்சிருக்கும்" என்றால் உடனே, "ஓ, அவரா, நல்ல மனுஷன்" என்பாள். இவ்வளவு ஷூ ஆராய்ச்சி செய்கிறவள் மழையோ வெயிலோ ரப்பர் செருப்புதான் போடுவாள். ஏன் என்று ஒருநாள் கேட்டேன். "ஷூ போட்டா எனக்கு வேர்க்கும்க்கா" என்றாள், முகத்தில் சிரிப்பின் சாயலே இல்லாமல்.

இந்தப் பைத்தியம் அவளுக்கு அப்பாவின் காலிலிருந்து பிடித்தது. அவர் தபால்காரர். மழை மாதங்களில் காலை எட்டு மணிக்கு நனைகிற ஷூ, மாலை வீடு திரும்பும்வரை காயாது. விரலிடுக்குகளில் தோல் வெளுத்து வெடிக்கும். மனிதர் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். வீட்டுக்கு வந்ததும் மேசை விசிறிக்கு நேராக இரண்டு பாதங்களையும் நீட்டிக்கொண்டு உட்காருவார். அதுதான் அவர் கொடுக்கும் புகார் மனு.

அந்த மனுவை அவள் வாங்கிக்கொண்டாள். பழுதான கணினியிலிருந்து ஒரு குட்டி விசிறி, தடித்த துணியில் தைத்த இரண்டு குழாய், ஒரு பேட்டரி, லேசான சூடு. மதிய உணவு நேரத்தில் ஷூவுக்குள் செருகிவிட்டால் அரைமணி நேரத்தில் பெரும்பாலான ஈரம் போய்விடும். பிறகு பல்கலைக்கழகத்துக்கு எழுதிய விண்ணப்பத்தில் அதற்குப் பெயர் 'கையடக்கக் காலணி உலர்த்தி'. வீட்டில் அப்பா வைத்த பெயர் 'ஊதி'.

முதல் ஊதிக்குக் கொஞ்சம் கோபம் அதிகம். சூட்டில் பசை இளகி, நாலாம் நாள் நடுத்தெருவில் அவருடைய ஷூவின் அடிப்பாகம் வாயைப் பிளந்துவிட்டது. அவர் என்ன செய்தார் என்கிறீர்கள்? கடிதக் கட்டுகளிலிருந்து ரப்பர் பட்டைகளை உருவி, ஷூவைச் சுற்றி ஏழெட்டாக மாட்டிக்கொண்டு, மிச்சமிருந்த நூற்றுப் பதினெட்டு வீடுகளுக்கும் தபால் கொடுத்துவிட்டுத்தான் வந்தார். தபால் நிலையத்தில் சாப்பிடும் நேரத்தில் ஊதியை ஓடவிட்டால் கூட்டாளிகள், "என்னப்பா, ஷூவுக்கு ஜலதோஷமா?" என்று கேட்பார்களாம். "ஊதி வந்த பிறகுதான், தங்கச்சி, என் காலுக்கு ஒரு மரியாதை வந்திருக்கு" என்று என்னிடம் சொன்னார். மழையில் நாற்பத்தொரு நாள் அதைச் சோதித்துப் பார்த்தவர் அவர்தான். எந்தத் தெருவில் நனைந்தது, எத்தனை நிமிடத்தில் காய்ந்தது என்று தினமும் ஒரு வரி எழுதி வைத்திருக்கிறார். முத்து முத்தான கையெழுத்து.

பல்கலைக்கழகத்தில் கோடை விடுமுறையில் பத்து வாரப் பயிற்சி ஒன்று நடக்கிறது. சொந்தமாகத் தொழில் தொடங்க நினைக்கும் மாணவர்களுக்கு. பட்டறையைத் திறந்துவிடுவார்கள், விவரம் தெரிந்தவர்கள் உடனிருந்து சொல்லித் தருவார்கள், கைச்செலவுக்கும் கொடுப்பார்கள். கிடைக்காவிட்டால் அவள் ஒரு கிடங்கில் பெட்டி கட்டப் போக வேண்டும். வருகிறாளா இல்லையா என்று திங்கட்கிழமைக்குள் சொல்லும்படி கிடங்கில் கேட்டிருந்தார்கள். அங்கே போனால் ஊதி அலமாரிக்குப் போய்விடும். அடுத்தது கடைசி வருடம், படிப்பே மூச்சுத் திணற வைக்கும். "இந்த வருஷம் விட்டா அவ்வளவுதான்க்கா. அடுத்த மழையிலயும் அப்பா அதே காலோடதான் நடப்பாரு" என்றாள்.

நான் அச்சகத்தில் பிழை திருத்துகிறவள். இருபது வருடமாக மற்றவர்கள் எழுத்தில் குற்றம் கண்டுபிடித்துச் சாப்பிடுகிறேன். அதனால் அவளுடைய விண்ணப்பம் என் மேசைக்கு வந்தது. ஒற்று போட்டேன், ஒற்று எடுத்தேன், மூன்று வாக்கியங்களை முறித்துக் கட்டினேன். சுத்தமாக இருக்கிறது, அனுப்பு என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குப் பல்கலைக்கழக அலுவலகத்திலிருந்து ஒரு பெண்மணி தொலைபேசியில் அழைத்தார். அவள் என் வீட்டில் இருந்தாள். ஒலிபெருக்கியைப் போட்டாள்.

"நிறுவனர் எண்ணிக்கை ஒண்ணுன்னு போட்டிருக்கீங்க. ஆனா உள்ள முழுக்க எங்கள் கருவி, எங்கள் திட்டம், நாங்கள் செய்தோம்னு வருது. அந்த இன்னொருத்தர் யாரு?"

"இன்னொருத்தர் யாரும் இல்லீங்களே."

"அப்போ சோதனை செஞ்சோம்னு இருக்கே?"

"அது எங்க அப்பா."

"அவர் மாணவரா?"

"தபால்காரர்."

அந்தப் பெண்மணி சிரிக்கவில்லை, கடிந்துகொள்ளவும் இல்லை. மாணவர் அல்லாதவரை நிறுவனராக ஏற்க முடியாது, தனி ஆள் என்றால் விண்ணப்பம் தெளிவாக அப்படியே பேச வேண்டும், ஒரு நிமிட வீடியோவையும் மாற்றி எடுக்க வேண்டும் என்றார். "வீடியோல நிறுவனர் மட்டும்தான் இருக்கணும். அஞ்சு மணிக்கு மூடிடுவோம்."

எண்ணிப் பார்த்தேன். 'நாங்கள்', 'எங்கள்' எல்லாம் சேர்த்து இருபத்தாறு. இருபது வருட அனுபவசாலியின் கண்ணில் அதில் ஒன்றுகூடப் படவில்லை. எப்படிப் படும்? அவள் வீட்டுக்கு ஒரே பிள்ளை. இருந்தாலும் எங்க அப்பா, எங்க வீடு என்றுதான் வாயில் வரும். நானும் அப்படித்தான், நீங்களும் அப்படித்தான். 'என் அப்பா' என்று சொன்னால் யாரோ பங்குக்கு வந்து நிற்பதுபோல் இருக்கும். 'நாம்' என்று போட்டாலோ தேர்வுக் குழுவும் ஊதியில் பங்குதாரர் ஆகிவிடும். தப்பு என்னுடையது, வெட்கமாக இருந்தது. அவள் என்னைக் குறை சொல்லவே இல்லை, அது இன்னும் வெட்கமாக இருந்தது.

அம்மா மருத்துவமனை வேலைக்குப் போயிருந்தார். அப்பா அப்போதுதான் வீடு திரும்பியிருந்தார். விஷயம் கேட்டு, சீருடையைக்கூட மாற்றாமல் என் வீட்டு நாற்காலியின் ஓரத்தில் வந்து உட்கார்ந்தார். அவள் மடிக்கணினியைத் திறந்து ஒவ்வொன்றாக மாற்றத் தொடங்கினாள். எங்கள் கருவி, என் கருவி. தயாரித்தோம், தயாரித்தேன். மாற்றிய ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுப் படித்தாள். பத்தொன்பதாவதில் நின்றாள்.

"நாற்பத்தொரு நாள் மழையில் நடந்து சோதித்தேன்." கையை விசைப்பலகையிலிருந்து எடுத்துவிட்டாள். "அக்கா, இது பொய்."

"சோதிக்கப்பட்டதுன்னு போடு" என்றேன். எங்கள் தொழிலில் யார் செய்தார் என்று சொல்ல முடியாதபோது பிடிக்கிற குறுக்குவழி அது.

"யாரால சோதிக்கப்பட்டதுன்னு கேட்டா?"

அப்பா குறுக்கே பேசினார். "நீயே நடந்தேன்னு போட்டுடும்மா. நான் நடந்தா என்ன, நீ நடந்தா என்ன."

அவள் அவரைப் பார்க்காமல், 'என் தந்தை நடந்து சோதித்தார்' என்று எழுதினாள். இலக்கணத்தில் குறை இல்லை. ஆனாலும் யாரோ மூன்றாம் மனிதரைப் பற்றிப் படிப்பதுபோல் அந்த வரியையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கும் அது பிடிக்கவில்லை. மணி நாலேகால்.

வீடியோவை என் கூடத்து மரப் பெஞ்சில் உட்கார்ந்து எடுப்பதென்று முடிவாயிற்று. அப்பா எதிரே நின்று இரண்டு கையாலும் அவளுடைய கைபேசியைப் பிடித்துக்கொண்டார். மூச்சு விட்டால் படம் ஆடும் என்று அடக்கிக்கொண்டு நின்றார்.

"வணக்கம். நாங்க…" என்றாள். நிறுத்தினாள். மறுபடி, "வணக்கம். நான் செஞ்ச இந்தக் கருவி… எங்க அப்பா…" மறுபடி நிறுத்தினாள். இப்படி நான்கு தடவை. படிப்பில், பேச்சில் எங்குமே திணறாத பெண், 'நான்' என்பதன் கடைசி 'ன்'னில் திணறினாள். "அவசரமில்லம்மா, மெதுவா" என்றார் அப்பா. அவசரம்தான். இருபது நிமிடம்தான் இருந்தது.

அவள் எழுந்து வந்தாள். அவர் கையிலிருந்து கைபேசியை வாங்கி, மேசையில் என் தடித்த அகராதியின்மேல் சாய்த்து நிறுத்தினாள். பெஞ்சு முழுவதும் தெரிகிறதா என்று பார்த்தாள்.

"நிறுவனர் மட்டும்தான் இருக்கணும்னு சொன்னாங்க" என்று நினைவூட்டினேன்.

"தெரியும்க்கா."

அப்பாவுக்கு அப்போதுதான் புரிந்தது. ஓரடி பின்னால் போனார். "வேணாம்மா. என்னால உனக்கு வர்றது கெட்டுப்போகும்."

அவள் பதிவுப் பொத்தானை அழுத்திவிட்டுப் போய் பெஞ்சில் உட்கார்ந்தாள். ஒரு விநாடி கழித்து விளிம்புவரை நகர்ந்து, கேமராவையே பார்த்தபடி, பக்கத்திலிருந்த காலி இடத்தைக் கையால் இரண்டு முறை தட்டினாள்.