பெரிசை வித்த பிறகு

அந்தப் பிக்கப் வாகனத்தைச் சிவகலாவுக்கு முதல் நாளே பிடிக்கவில்லை. சூர்சே பக்கத்தில் குதிரை வளர்த்த ஒரு சுவிஸ்காரரிடம் இராஜேந்திரன் அதை வாங்கி, எம்மன்புரூக்கேயில் அவர்கள் குடியிருந்த மாடிவீட்டுக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார். கறுப்பு நிறம், அமெரிக்கத் தயாரிப்பு. நிறுத்துமிடத்துக்கென்று கீறியிருந்த வெள்ளைக் கோட்டுக்குள் அடங்காமல் முன்னும் பின்னும் துருத்திக்கொண்டு நின்றது. சேலையோடு ஏறுவதென்றால் ஒரு கையால் கொய்யகத்தைத் தூக்கி, மற்றக் கையால் மேலே இருந்த பிடியைப் பற்றி, ஒரு தெண்டு தெண்டவேண்டும்.

"இவ்வளவு பெரிசு ஆருக்கு?" என்று கேட்டாள்.

"தோட்ட வேலைக்கு உதவும்" என்றார் இராஜேந்திரன்.

உதவியதுதான். தொழிற்சாலையை விட்டுவிட்டு அவர் தனியாகத் தோட்ட வேலை தொடங்கியிருந்த காலம் அது. வேலி வெட்டுவது, புல் வெட்டுவது, மாரியில் பனி தள்ளுவது எல்லாவற்றுக்கும் அந்த வாகனம் நின்றுபிடித்தது. ஆனால் தோட்டத்துக்கு ஓடியதைவிட அது ஊருக்கு ஓடியதுதான் அதிகம். யாராவது வீடு மாறினால் இராஜேந்திரன். கலியாணத்துக்கு மணவறை ஏற்ற இராஜேந்திரன். கோயில் திருவிழாவுக்குப் பந்தல் கம்பி, சவுண்ட் பெட்டி, அரிசி மூட்டை எல்லாம் ஏற்ற அவரே. லுசேர்ண் சுற்றுவட்டாரத்தில் அவருடைய சொந்தப் பெயர் தெரியாதவர்கள்கூட 'பிக்கப் அண்ணை' என்றால் தெரியும் என்பார்கள். டீசலுக்குக்கூட அவர் வாயைத் திறந்து கேட்டதில்லை. யாரேனும் நீட்டினாலும், "விடும், இதென்ன பெரிய வேலையே" என்று கையைத் தட்டிவிடுவார்.

சனிக்கிழமை என்று ஒரு நாள் தங்களுக்கும் இருக்கிறது என்பதைச் சிவகலா மறந்தே போனாள். மகள் லக்சாயினியின் படிப்பு முடிந்த விழாவுக்கு அவர் எல்லோருக்கும் கடைசியாக வந்து சேர்ந்தார். பின்பெட்டியில் யாருடையதோ சோபா ஒன்று கயிற்றால் கட்டியபடி இருந்தது. படம் எடுக்கும்போது மகள், "அப்பா, கொஞ்சம் அங்காலை விட்டிட்டு வாங்கோ, படத்திலை சோபாவும் விழுது" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். சிவகலாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

அவர் முழங்கால் போனதும் இப்படியொரு சனிக்கிழமைதான். அருட்செல்வன் மணவறை வாடகைக்கு விடுபவன், கோயில் நிர்வாகத்திலும் இருந்தான். மூன்றாம் மாடியிலிருந்து அவனுடைய உடுப்புக் கழுவும் மெஷினை இறக்கும்போது படியில் இராஜேந்திரனின் கால் மடங்கிவிட்டது. அறுவைச் சிகிச்சை செய்து, தடி பிடித்து நடந்து, பிறகு தடியையும் விட்டார். கால் பழையபடி மடியவில்லை. அருட்செல்வன் கைபேசியில் பூங்கொத்துப் படம் ஒன்று அனுப்பியிருந்தான். அதைச் சிவகலாவிடம் காட்டி, "பாரும், மறக்கேல்லை" என்றார் இராஜேந்திரன்.

அதற்குப் பிறகு அந்த உயரத்துக்கு ஏறி இறங்குவதே அவருக்குப் பெரும்பாடாகிவிட்டது. தோட்டங்களும் ஒவ்வொன்றாகக் குறைந்தன. இந்த நிலையில்தான் வீட்டு நிர்வாகம், கட்டடம் முழுவதையும் இடித்துத் திருத்தப்போவதாகவும் எல்லோரும் வீட்டை விட்டு எழும்பவேண்டும் என்றும் அறிவித்தது. அந்த வாடகைக்கு அதே அளவு வீடு எங்கும் அகப்படவில்லை. கடைசியில் லிட்டாவில் சின்னதாய் ஒரு வீடு சரிவந்தது. வாகனத்துக்கு நிலத்தடியில் இடம் உண்டு. கூரைதான் உயரம் குறைவு. பிக்கப் அதற்குள் நுழையவே நுழையாது.

பேர்ணில் இருந்து வந்திருந்த லக்சாயினி விஷயத்தை நேரே சொன்னாள். "அப்பா, மிச்சமிருக்கிற தோட்டங்களுக்கு ஒரு குட்டி லொறி காணும். இதை வித்துப்போடுங்கோ."

இராஜேந்திரன் தேத்தண்ணிக் கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். சிவகலா உள்ளே போய், சிரிப்பை மறைத்துக்கொண்டு பாத்திரம் கழுவினாள். தன் வீட்டுக்குள் நெடுநாளாகக் குந்தியிருந்த சக்களத்தி ஒருத்தி பெட்டியைக் கட்டுவது போலிருந்தது அவளுக்கு.

வாங்க வந்தவன் அருட்செல்வன். வெளியே விற்றால் கூடக் கிடைக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். "வெளியாருக்குக் குடுத்து என்னண்ணை, எங்கடை சனத்துக்குள்ளையே நிக்கட்டும்" என்றான். அந்த ஒரு சொல்லில் இராஜேந்திரன் இளகிவிட்டார். பிக்கப்பின் திறப்பை வாங்கி விரலில் மாட்டும்போது அருட்செல்வன் சிவகலாவின் பக்கம் திரும்பி, "அக்கா, நீங்கள் வீடு மாறுற அண்டைக்கு நான் இதையே கொண்டுவாறன். ரெண்டு ஓட்டத்திலை முடிச்சிடலாம். யோசியாதேங்கோ" என்றான். நிலக்கீழ் அறையில் இருந்த பெரிய சாப்பாட்டு மேசையைப் பேர்ணுக்கு, லக்சாயினி வீட்டுக்கு ஏற்றுவதும் தன் பொறுப்பு என்றான்.

புதிதாக வந்த லொறி வெள்ளை நிறம். ஏதோ ஒரு ஊராட்சி மன்றம் தெரு கூட்ட வைத்திருந்தது. கதவில் ஒட்டியிருந்த சின்னத்தைக் கிழித்த இடம் மட்டும் வெளுக்காமல் பளிச்சென்று தெரிந்தது. முன்னால் இரண்டு பேர் இருக்கலாம், இருந்தால் தோள்மூட்டு இடிக்கும். சிவகலா காலைத் தூக்கி வைத்து இலகுவாக ஏறி அமர்ந்தாள். "இது மனுசர் ஏறுற வாகனம்" என்றாள்.

அந்த வருடத் திருவிழாவுக்கு இருவரும் அதில்தான் போனார்கள். அவர் வழக்கம்போலக் கோயில் வாசலுக்குக் கிட்டக் கொண்டுபோய் நிறுத்தினார். அந்த இடத்தில் நிற்கிற உரிமை அவருக்கு எப்போதும் இருந்தது. மஞ்சள் மேற்சட்டை போட்ட ஒருவர் ஓடிவந்து, "அண்ணை, இதைப் பின்பக்கம் விடுங்கோ, சாமான் வாகனம் வரப்போகுது" என்றார். பின்பக்கம் குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் விட்டுவிட்டு அவர்கள் நடந்து வந்தபோது, கறுப்புப் பிக்கப் வாசலில் நின்றது. அருட்செல்வன் இறங்கக்கூட இல்லை, கண்ணாடியை இறக்கி ஆட்களை ஏவிக்கொண்டிருந்தான். "பிக்கப் அண்ணை வந்திட்டார்" என்று யாரோ சொன்னார்கள். இராஜேந்திரன் சட்டென்று திரும்பிப் பார்த்தார். சொன்னவர் அவரைச் சொல்லவில்லை.

தொலைபேசி அடங்கிப்போனது. வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் அது ஓயாமல் அடித்த காலம் ஒன்று இருந்தது. இப்போது அதை மேசையில் தன் முன்னால் வைத்துக்கொண்டு, மணிச்சத்தம் கூட்டி வைத்திருக்கிறதா என்று இராஜேந்திரன் எடுத்தெடுத்துப் பார்ப்பார். தான் கேட்டது கிடைத்துவிட்டது என்று சிவகலா முதலில் சந்தோசப்பட்டாள். சனிக்கிழமைகளில் ஏரிக்கரைக்குப் போவோம் என்றாள். போனார்கள். அவர் மர வாங்கு ஒன்றில் உட்கார்ந்து, தெருவில் போகும் பெரிய வாகனங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அருள் பிக்கப்புக்குச் சக்கரம் மாத்தினவனோ தெரியாது" என்றார் ஒருமுறை. அன்றைய பின்னேரம் முழுவதிலும் அவர் பேசியது அவ்வளவுதான். இத்தனை வருடமாக வாகனம் தன் புருசனைக் கொண்டுபோகிறது என்று அவள் நினைத்திருந்தாள். வாகனம் போன பிறகுதான், அவர் வீட்டுக்குத் திரும்பி வரவேயில்லை என்பது தெரிந்தது.

வீடு மாறும் நாள் நெருங்கியது. அன்று பின்னேரம் வீட்டைக் கழுவித் துடைத்து, நிலக்கீழ் அறையில் ஒரு ஆணிகூட விடாமல், நிர்வாகத்து ஆளிடம் திறப்பைக் கொடுக்கவேண்டும். அதற்கு முதல் நாள் சிவகலா ஒவ்வொருவராகத் தொலைபேசியில் கூப்பிட்டாள். கூப்பிட்ட ஒவ்வொரு பெயருக்கும் இராஜேந்திரன் தூக்கிச் சுமந்த ஒரு கட்டிலோ குளிர்பெட்டியோ இருந்தது. ஒருவருக்கு வேலை. ஒருவருக்கு முதுகில் நாரிப்பிடிப்பு. தில்லைநாயகி அக்காவின் மகன் விளையாட்டுப் போட்டிக்குப் போகிறானாம். ஆனால் அக்கா நல்ல மனசோடு, "உங்களுக்கென்ன, உங்கடை மனுசனுக்குத்தானே ஊரெல்லாம் ஆள்" என்றாள்.

அருட்செல்வன் மட்டும் தானாகவே தொலைபேசி எடுத்தான். வீடு மாறும் சனிக்கிழமை காலை, பெட்டிகளெல்லாம் வாசலில் அடுக்கி முடித்த பிறகு.

"அக்கா, குறை நினையாதேங்கோ. பேர்ணிலை ஒரு கலியாணம், திடீரெண்டு சொல்லிப்போட்டினம். மணவறை ஏத்தியாச்சு."

"பேர்ணுக்குத்தானே தம்பி போறீர்? அந்த மேசையை மட்டுமெண்டாலும்..."

"இடமில்லையக்கா. துணியெல்லாம் அழுக்காகிப்போகும்."

சின்ன லொறி ஓடத் தொடங்கியது. எம்மன்புரூக்கேயில் ஏற்றி, லிட்டாவில் இறக்கி, வெறுமையாகத் திரும்பி, மறுபடி ஏற்றி. மெத்தைக்கு ஒரு ஓட்டம், அலுமாரிப் பலகைகளுக்கு ஒரு ஓட்டம், புத்தகமும் சட்டிபானையும் இன்னொன்று. தூறலும் பிடித்துக்கொண்டது. லக்சாயினி பேர்ணிலிருந்து ரயிலில் வந்து ஒரு பக்கம் பிடித்தாள். சிவகலா மறுபக்கம். இராஜேந்திரன் படியிறங்கும்போது ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து இறங்கினார். யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

கடைசியாக மேசை. மூடிப்போன ஒரு சாப்பாட்டுக் கடையிலிருந்து அவரே பிக்கப்பில் ஏற்றிவந்து, இழைத்து, வார்னிஷ் அடித்த மேசை அது. ஒரே பலகை. லக்சாயினி அதில்தான் புத்தகம் விரித்துப் படித்தாள், அதனால்தான் தனக்கென்று கேட்டாள். லொறியில் வைத்துப் பார்த்தார்கள். அரைவாசிக்குக் கிட்ட வெளியே நின்றது. கயிறு போட்டு இறுக்கினார். வாகனத்தைக் கொஞ்சம் நகர்த்தியதும் பின்பக்கம் சரிந்து நிலத்தில் குத்தியது.

"இதோடை நெடுஞ்சாலையிலை போகேலாது, லிட்டாவிலையும் வைக்க இடமில்லை" என்றார். பிறகு தோட்டச் சாமான் பெட்டியைத் திறந்து, கிளை வெட்டும் கைவாளை எடுத்தார்.

"அப்பா, வேண்டாம்" என்றாள் லக்சாயினி. "இஞ்சை ஆரிட்டையாவது ஒரு கிழமைக்கு விடலாம்."

"ஆரிட்டை?" என்று கேட்டார் அவர்.

பக்கத்து வீடுகள் எல்லாம் ஏற்கெனவே காலி. அவர் குனிந்து அறுக்கத் தொடங்கினார். பச்சைக் கிளைக்குச் செய்த வாள், காய்ந்த பலகையில் சிக்கிச் சிக்கிப் போனது. மழையில் மரத்தூள் அவர் சப்பாத்தில் அப்பியது. சிவகலா பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள்.

"எங்கை உங்கடை சனம்?" என்றாள். "எத்தினை வீட்டை ஏத்தி இறக்கினீங்கள். ஒண்டையாவது காட்டுங்கோவன்."

அவர் வாளை நிறுத்தினார். அவர் கோபித்து அவள் கண்டதேயில்லை. அன்றும் குரல் உயரவில்லை.

"நீர்தானே சின்னது எடுக்கச் சொன்னீர். பெரிசு நிண்டிருந்தா எல்லாரும் வந்திருப்பினம்."

"பெரிசு நிண்டிருந்தா எங்களுக்கு ஏன் அந்தச் சனம்?"

அவர் மறுபடி அறுத்தார். மழையில் நின்றுகொண்டே சிவகலாவுக்குப் புரிந்தது. வராதவர்கள் மீது அவருக்கு ஒரு குறையும் இல்லை. சின்னது எடுக்கச் சொன்னது மகளென்றாலும், அவருடைய கணக்கில் இந்தச் சனிக்கிழமைக்குப் பொறுப்பாளி அவள் ஒருத்திதான். அந்தத் தீர்ப்பை அவர் வாகனம் விற்ற அன்றே எழுதி வைத்துவிட்டார்.

இரண்டு துண்டையும் கழிவு சேர்க்கும் இடத்தில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்தார்கள். வீட்டுத் திறப்பு நேரத்துக்குக் கொடுபட்டது. நிர்வாகத்து ஆள் அடுப்புக்கு அடியில் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, நல்ல சுத்தம் என்றார். எப்படியும் இடிக்கப்போகிற அடுப்பு.

அடுத்து வந்த வெள்ளிக்கிழமை கோயிலில், பூசை முடிந்து சோறு வாங்க வரிசையில் நின்றபோது அருட்செல்வன் வந்து இராஜேந்திரனின் தோளில் கை போட்டான்.

"என்னண்ணை, வீடெல்லாம் மாறியாச்சோ? சுகமா முடிஞ்சுதோ?"

"ஓமோம், ஒரு கரைச்சலுமில்லை" என்று சிரித்தார் இராஜேந்திரன். வீட்டில் அவள் எத்தனையோ மாதமாகக் காணாத சிரிப்பு, முழுப் பல்லும் தெரிந்தது.

"மேசையை அறுத்துக் குப்பையிலை போட்டனாங்கள் தம்பி" என்றாள் சிவகலா. "நீர் அண்டைக்குப் போன பேர்ணுக்குப் போகவேண்டிய மேசை."

வரிசையில் நின்றவர்கள் திரும்பினார்கள். அருட்செல்வன் ஒரு கணம் முழித்துவிட்டு, "அக்கா எப்பவும் பகிடிதான்" என்று சொல்லி முன்னால் நகர்ந்தான்.

வரும் வழியில் இராஜேந்திரன் வாயைத் திறந்தார். "கோயில்லை வைச்சு அவனை ஏன் வெக்கப்படுத்தினீர்? இனி ஆர் எங்களைத் தேடுவினம்?"

அந்தச் சின்ன இருக்கையில் அவர் தோள் அவள் தோளோடு ஒட்டிக்கொண்டிருந்தது. விலகி இருக்க இடமில்லை. அவள் முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அவள் அந்த லொறியில் ஏறுவதைக் குறைத்துக்கொண்டாள். கோயிலுக்குப் பஸ்ஸில் போனாள், பிறகு அதையும் விட்டாள். இராஜேந்திரன் மிச்சமிருந்த தோட்டங்களுக்கு லொறியில் போய்வந்தார். எப்போதாவது யாராவது, "அண்ணை, கொஞ்சச் சாமான்தான், உங்கடை குட்டி லொறி காணும்" என்று தொலைபேசி எடுத்தால், சாப்பாட்டை அரையில் விட்டுவிட்டு எழும்பினார். அப்படி எடுப்பவர்கள், அருட்செல்வன் மாட்டேன் என்று சொன்ன பிறகு எடுப்பவர்கள்.

சிவகலா வேலை செய்த முதியோர் இல்லத்தில், சனிக்கிழமைகளில் உடுப்புக் கழுவும் பகுதிக்கு ஆள் போதவில்லை. குடும்பமாய் இருக்கிறவர்களைக் கேட்கக் கூசி, பொறுப்பாளர் பொதுவாக ஒருமுறை கேட்டுவைத்தார். சிவகலா தான் வருவதாகச் சொன்னாள். "எல்லாச் சனிக்கிழமையுமா?" என்று அவர் நம்பாமல் கேட்டார்.

எல்லாச் சனிக்கிழமையும் என்றாள்.