கிணற்றுப் பக்கம் கேட்ட குரல்

திண்டிவனத்தை அடுத்த கிராமம் எங்களுடையது. என் கணவர் பழைய பிக்கப் வண்டியில் மல்லாட்டை எனும் நிலக்கடலை மூட்டை ஏற்றிப் பிழைக்கிறார். ஒரு ஞாயிறு மதியம், வண்டியின் முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, கியர் ஆயில் மாற்ற அடியில் படுத்தார். நான் சமைத்துக்கொண்டிருந்தேன்.

"ஸ்டெல்லா!"

பின்புறக் கிணற்றுப் பக்கமிருந்து அவர் குரல் கூப்பிட்டது. போய்ப் பார்த்தால் யாருமில்லை. குழப்பத்தோடு வாசலுக்கு வந்தேன். வண்டிக்கடியில் அவர் கால்கள் தெரிந்தன.

"கெணத்தாண்ட நின்னு எதுக்குங்க கூப்ட்டீங்க?"

"நான் எங்க கூப்ட்டேன்? ஆயில் வடியவுட்டுக்கினு இங்கியேதான் படுத்துக்கினு இருக்கேன்."

"உங்க குரல்தாங்க. பேரச் சொல்லிக் கூப்ட்டீங்க."

என் முகத்தைப் பார்க்க அவர் வெளியே நகர்ந்து வந்து உட்கார்ந்தார். அப்போதுதான் ஜாக்கி சரிந்தது. வண்டி இறங்கிய வேகத்தில், படுத்திருந்தபோது அவர் நெஞ்சருகே இருந்த ஆயில் டப்பா அப்பளமாக நசுங்கியது.

அவர் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "யாராண்டயும் சொல்லாத" என்றார். இப்போது அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன்.

அன்றிலிருந்து ஜாக்கியை மட்டும் நம்பி அவர் வண்டிக்கடியில் போவதில்லை. சக்கரங்களுக்குக் கல்லும் சேஸிக்கடியில் தடித்த கட்டைகளும் வைக்கிறார். நான் அடுப்பை அணைத்துவிட்டு, அவர் வெளியே வரும்வரை பக்கத்திலேயே நிற்கிறேன். கிணற்றுப் பக்கம் மட்டும் திரும்பிப் பார்ப்பதில்லை.