சுண்ணாம்பு பூசிய சில்லுகள்

என் மூத்த மகளிடம் ஒரு கார் இருக்கிறது. அமெரிக்காவில் செய்தது, எனக்குக் கல்யாணம் நடந்த காலத்தில் பிறந்தது. முன்பக்கம் மட்டும் ஒரு கட்டில் நீளம். எட்டுச் சிலிண்டர். அவள் திறப்பைத் திருப்பினால் பக்கத்து வீட்டு யன்னல் நடுங்கும். ஹனோவரில் எங்கள் தெருவில் இருக்கிற ஜெர்மன் கிழவர்கள் எல்லோரும் குப்பை போடுகிற சாட்டில் வெளியே வந்து நிற்பார்கள். இதை நான் பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

வருகிற மாதம் பேத்திக்குக் கல்யாணம். பெண்ணை மண்டபத்துக்குக் கொண்டுபோவது அந்தக் காரில்தான். அதெல்லாம் முடிவாகிவிட்டது. எந்தச் சில்லு, எந்த டயர் போடுவது என்பதுதான் முடிவாகவில்லை. போன சனிக்கிழமை மகள் கராஜுக்குள் இரண்டு வகையையும் பரப்பி வைத்தாள். ஒன்று அகலமான அலுமினியச் சில்லு. கறுப்பு டயர், விலாவில் வெள்ளை எழுத்து. மற்றது காரோடு வந்த காலத்து இரும்புச் சில்லு. முகம் பார்க்கலாம் போல மூடி. அதன் டயரைச் சுற்றிவர நாலு விரல் அகலத்தில் வெள்ளைப் பட்டை. யாரோ ஒரு பெரியவர் நிலவறையில் போர்வை போட்டு மூடி வைத்திருந்தாராம்.

"அம்மா, எது வடிவு? சொல்லுங்கோ."

"வெள்ளைப் பட்டைதான். இதென்ன கேள்வி?"

"நானும் அதைத்தான் நினைச்சனான்! பழைய காருக்குப் பழைய சில்லு எண்டால் காரைச் சோதிக்கிற ஆளும் ஒண்டும் சொல்லேலாது. திங்கக்கிழமை அந்த ஆளிட்டைக் காட்ட டெர்மின். இப்பவே பூட்டப்போறன்."

"பொறு. அந்த டோர்ச்சைத் தா."

"என்னத்துக்கு?"

எழுபத்தைந்து வயது முழங்காலை ஒருமாதிரி மடித்து நிலத்தில் இருந்துகொண்டு, அந்த வெள்ளைப் பட்டையில் நகத்தை வைத்து மெல்ல மெல்லச் சுற்றிவந்தேன். கை இங்கே சுற்றியது. மனம் எட்டு வயதுக்குப் போய்விட்டது.

அம்மாவின் தமையன், எங்கள் மாமா, யாழ்ப்பாணத்தில் வாடகைக் கார் ஓட்டினவர். அதுவும் அமெரிக்கக் கார்தான், படகு மாதிரி. அவருடைய கடைசித் தங்கை, என் சின்னம்மா, கல்யாணம் முடிந்து மாப்பிள்ளையோடு கால்மாறி மாப்பிள்ளை வீட்டுக்குப் போகவேண்டும். நாலு மைல். மாப்பிள்ளை வீட்டார் அதற்கு வெள்ளைப் பட்டை டயர் போட்ட கார் ஒன்றைப் பேசி வைத்திருக்கிறார்கள் என்று கதை வந்தது. மாமாவுக்குப் பொறுக்கவில்லை.

"என்ர தங்கச்சி என்ர காரிலதான் போவாள். என்ர காருக்கும் வெள்ளைப் பட்டை வரும்" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார்.

சொன்னாரே தவிர, கடைகளில் எந்த நிறத்திலும் டயர் இல்லாத காலம் அது. கல்யாணத்துக்கு முதல்நாள், வீட்டுக்கு வெள்ளையடித்த சுண்ணாம்பில் மிச்சம் இருந்ததைக் கரைத்தார். கயிறு பிடித்து டயரில் வட்டம் கீறித் தந்தார். பூசினது நான்! அந்த வீட்டில் அத்தனை பிள்ளைகள் இருக்க, என்னைத்தான் கூப்பிட்டார்.

"ரப்பரில கீறல் இருக்கிற இடத்தில தடிப்பா விடு, பிள்ளை" என்றார்.

விட்டேன். பின்சில்லில் ஒரு கீறலுக்குள் என் சின்னவிரல் நகம் முழுதாகப் போனது. அதையும் அடைத்தேன். காய்ந்தபிறகு பார்க்கவேண்டும், நாலு நிலவு!

மறுநாள் நான் முன்சீற்றில், மாமாவுக்குப் பக்கத்தில். கார் நகர்ந்தது. ஓடியது என்று சொல்லமாட்டேன். ஒரு மீன்காரர் சைக்கிளில் எங்களை முந்தினார். தெருவோரம் நின்று மீன் நிறுத்துக் கொடுத்துவிட்டு இரண்டாம் தடவையும் முந்தினார்.

"மாமா, ஏன் சைக்கிள் எல்லாம் எங்களை முந்துது?"

"பொம்பிளையைச் சனம் பாக்கவேண்டாமே?"

எனக்குத் தெரியும், சனம் பார்ப்பது என் வெள்ளைப் பட்டையை என்று. வழிநெடுகக் கையை ஆட்டிக்கொண்டே போனேன். மாமாவின் சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது. வெயில்தானே என்று நினைத்தேன்.

மாப்பிள்ளை வீட்டு வாசலில் மேளம். பெண்கள் செம்பில் மஞ்சள் தண்ணீரோடு நின்றார்கள். கார் நின்றதும் சில்லடியில் தாராளமாக ஊற்றினார்கள். அப்போதுதான் அது நடந்தது. என் வெள்ளைப் பட்டை சிவந்தது. சிவந்து, ஒழுகி, மண்ணில் இறங்கியது.

"ஐயோ, சில்லில ரத்தம்!" என்றாள் ஒருத்தி.

மேளம் நின்றுவிட்டது. வாழ வந்த பெண் வாசலில் ரத்தத்தோடு வந்தாள் என்று ஒரு சொல் விழுந்தால் போதும், பிறகு ஆயுளுக்கும் அதைக் கழுவ ஏலாது. பின்னாலிருந்து சின்னம்மாவின் கை என் தோளைப் பிடித்தது.

மாமா கதவைத் திறந்து இறங்கினார். மாப்பிள்ளையின் தாயைப் பார்த்துக் கும்பிட்டார்.

"மாமி, பயப்பிடாதேங்கோ. மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் குங்குமம்தானே? மருமகளுக்கு முந்தி எங்கட காருக்குப் பொட்டு வைச்சிட்டியள்!"

முதலில் மாப்பிள்ளை சிரித்தார். பிறகு அந்தத் தாய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தா. மேளம் திரும்பவும் தொடங்கியது. சின்னம்மா வலது காலை வைத்து உள்ளே போனா. அவ நிலைப்படியைத் தாண்டினதும் வெளியே 'டமார்' என்று ஒரு சத்தம்.

"பாத்தியளே, பொம்பிளை வீட்டார் சீனவெடியும் கொண்டு வந்திருக்கினம்!" என்றார் ஒருவர். சனம் ஆரவாரித்தது. முதலில் கைதட்டினது நான்.

"அம்மா, என்ன தேடுறியள்?" என்றாள் மகள்.

டயரின் உட்பக்கத்தில் என் நகம் நின்றுவிட்டது. மயிரிழைக் கீறல்தான். அதற்குப் பக்கத்தில் அடுத்தது. டோர்ச்சை அடித்து விலாவில் இருந்த கடைசி நாலு இலக்கத்தை வாசித்தேன், டயர் எந்த ஆண்டில் செய்தது என்று சொல்வது அதுதான். எழுத்து எனக்குத் தடக்கும், இலக்கம் தடக்காது. ஒவ்வொரு குளிர்காலத்துக்கும் டயர் மாற்றும்போது அந்த இலக்கத்தைக் காட்டித் தந்தவளே அவள்தான். வடிவைக் கண்ட சந்தோசத்தில் மறந்துபோனாள்.

"உன்ர மகளுக்கும் இந்த டயருக்கும் ஒரே வயசு, பிள்ளை. இதில அவளை ஓட்டோபானில அவ்வளவு வேகமாக் கொண்டுபோகப் போறியே?"

அவளும் நிலத்தில் இருந்து பார்த்தாள். அடுத்த நிமிடமே தொலைபேசியை எடுத்துத் தேடினாள். இப்போதும் வெள்ளைப் பட்டையோடு புது டயர் செய்கிறார்கள்! அதே அளவு! சில்லு பழையது, டயர் புதியது என்று முடிவாகி, இருவரும் கராஜ் நிலத்தில் இருந்தபடியே கைதட்டினோம்.

எனக்குத் தட்டின கை பாதியில் நின்றது.

அன்றைக்கும் நான் கைதட்டி முடித்துவிட்டு, வெடியின் கதையைச் சொல்ல மாமாவிடம் ஓடினேன். கார் ஒருபக்கம் சரிந்து நின்றது. என் நகம் போன கீறல் வாயாகப் பிளந்திருந்த அந்தப் பின்சில்லுக்குப் பக்கத்தில், புது வேட்டியோடு மண்ணில் இருந்து, வாயில் சால்வையை அடைத்துக்கொண்டு மாமா அழுதுகொண்டிருந்தார். நான் அவருடைய தோளில் கை வைத்தேன்.

"அழாதேங்கோ மாமா. வீட்டில இன்னும் சுண்ணாம்பு கிடக்கு."