அன்சாரின் ஒன்பது மேற்கோள்கள்

அன்சாருக்கு நாற்பத்தாறு வயது. சட்டக் கல்லூரியில் உதவிப் பேராசிரியர். எஸ்டேட் ஜீப்புகளில் மலையேறும் தொழிலாளர்களுக்குச் சட்டத்தில் என்ன பாதுகாப்பு என்று பதினேழு ஆய்வுக் கட்டுரைகள் எழுதியிருந்தார். அவற்றை யார் யார் தங்கள் கட்டுரையில் மேற்கோள் காட்டினார்கள் என்ற கணக்கு இணையத்தில் வரும். ஒன்பது என்று வந்தது. ஒன்பதும் அவரே தம்மைக் காட்டிக்கொண்டவை.

"கண்ணாடியப் பாத்து நீங்களே சலாம் சொல்லி, பதில் சலாமும் நீங்களே சொல்லிக்கிறீக" என்றாள் மனைவி பர்சானா. போடியில் ஏலக்காய் வியாபாரம் பார்க்கும், அன்சாரைப் பெற்ற அத்தா மூசா அதைவிட மோசம். விலைபோகாத காயைச் சலித்து வேறு தரத்தில் போட்டுவிடலாம், உன் கட்டுரையை என்னப்பா செய்வே என்று சாப்பாட்டு நேரத்தில் கேட்டார். அன்சாருக்குக் கோபம் வரவில்லை. அவரும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தார்.

இணைப் பேராசிரியர் பதவிக்கு இரண்டு தடவை விண்ணப்பித்து, இரண்டு தடவையும் மண்ணைக் கவ்வியாயிற்று. பிறர் காட்டிய மேற்கோள் ஒன்றாவது வேண்டுமாம். இத்தனை கோடி ஜனத்தில் ஒரு ஆள் அகப்படவில்லை பாருங்கள்! மூன்றாவது தடவைக்கு இன்னும் சில மாதமே இருந்தபோது, எர்ணாகுளத்திலிருந்து அனுசியா என்ற பேராசிரியை மின்னஞ்சல் அனுப்பினார். அன்சாரின் கட்டுரையிலிருந்து ஒரு வரியைத் தம் புத்தகத்தில் காட்டப் போகிறாராம். அதைச் சொன்ன தொழிலாளியின் சம்மதம் மட்டும் வேண்டுமாம். அன்சார் அதைப் பர்சானாவிடம் மூன்று தடவை படித்துக் காட்டினார்.

'ஜீப்புல எத்தனை பேரு ஏறலாம்னு சட்டம் சொல்லுது. மிச்சப் பேரு வேலைக்கு எப்படிப் போறதுன்னு சொல்லலயே' என்பது அந்த வரி. பதினேழு கட்டுரையிலும் உருப்படியான வரி அது ஒன்றுதான். அதுவும் அவருடையதல்ல, சிலமலை ஊரிலிருந்து தினமும் ஜீப்பில் எஸ்டேட் வேலைக்குப் போகும் மாயக்காள் சொன்னது. ஆய்வு வழக்கப்படி பேரை மறைத்து, 'ஒரு தொழிலாளி' என்று போட்டிருந்தார்.

விடிந்ததும் ஜீப்பு நிற்கும் இடத்துக்கு ஓடினார். தூக்குவாளியோடு நின்ற மாயக்காளிடம் விஷயத்தைச் சொல்லிச் சம்மதத் தாளை நீட்டினார். அவள் அவசரப்படவில்லை. தன் பேச்சை எத்தனை கட்டுரையில் போட்டிருக்கிறார் என்று கேட்டாள். பதினொன்று என்றார்.

"எம்பேரு எத்தனையில இருக்கு?"

ஒன்றிலும் இல்லை. எஸ்டேட்டில் தெரிந்தால் அவள் வேலைக்கு ஆபத்து என்றுதான் மறைத்ததாக முனகினார்.

"அத மொதல்ல மேனேஜர் மூஞ்சிக்கு நேராத்தான் சார் சொன்னேன். அப்புறந்தான் ஒங்ககிட்ட. பேரு போட்டாக் கையெழுத்துப் போடுறேன்."

தன்னை ஒருவரும் சொல்லவில்லையே என்று ஊரெல்லாம் புலம்பிய மனுஷன், பேரைப் போடவா என்று இவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தாரா? வெட்கக்கேடு.

மாயக்காள் பேரைப் போடச் சொல்கிறாள் என்று அனுசியாவுக்கு எழுதினார். பேரோடு போடுவதென்றால் நானே மாயக்காளிடம் போனில் கேட்டு, அவள் சொன்னதாகவே போட்டுவிடுவேன், நடுவில் உங்கள் கட்டுரைக்கு வேலையில்லை என்று பதில் வந்தது. பேர் வேண்டாமென்று அவள் சொன்னால் பழையபடி கட்டுரையைக் காட்டலாமாம்.

அன்சார் இரண்டு நாள் பதில் போடவில்லை. 'பேர் வேண்டாமாம்' என்று ஒரு தடவை அடித்தும்விட்டார். அதைப் பார்க்க அவருக்கே அருவருப்பாக இருந்தது. அழித்துவிட்டு மாயக்காளின் போன் நம்பரை அனுப்பினார்.

புத்தகம் வந்தது. மூன்றாவது விண்ணப்பமும் திரும்பி வந்தது. அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு ஜீப்பு நிற்கும் இடத்துக்குப் போனார். மாயக்காள் தன் பேரை எழுத்துக் கூட்டிப் படித்தாள். சிரித்தாள். பிறகு தாளை முன்னும் பின்னும் திருப்பினாள்.

"ஒங்க பேரு எங்க சார்?"

இல்லை என்றார். ஜீப்பில் ஏறி நெருக்கி உட்கார்ந்த பிறகும் அவளுக்கு மனசு ஆறவில்லை. வண்டி கிளம்பும்போது தலையை நீட்டினாள்.

"விடுங்க சார். இனிமே இத எங்க சொன்னாலும், அன்சார் சாரு எழுதுனதுன்னு சேத்துச் சொல்லிப்புடுறேன்."

அன்சார் வீட்டுக்கு வந்து பர்சானாவிடம், பத்து என்றார்.