நாகவல்லி கேட்ட ஜன்னல்

பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒர்க்‌ஷாப் வைத்திருந்த வேம்புலிக்கு முப்பத்தாறு வயதில்தான் கல்யாணம் கூடிவந்தது. அதுவரை பெண் பார்க்கப் போன வீட்டிலெல்லாம் அவன் நகக்கண்ணில் இருந்த கிரீஸைப் பார்த்துவிட்டுக் காபியோடு அனுப்பிவைத்தார்கள். ஆள் தங்கம். வாய்தான் கொஞ்சம் நீளம்.

பெண் குத்தம்பாக்கத்து நாகவல்லி. அம்பத்தூரில் சைக்கிள் பாகம் செய்யும் கம்பெனியில் வேலை. வயது இருபத்தொன்பது. இவளை இனி எவன் கட்டப்போகிறான் என்று அவள் தெரு எப்போதோ முடிவுகட்டியிருந்தது. அதனால் அவள் ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள்.

"நகை வாணாம், பட்டு வாணாம். தாலி கட்டிக்கினு கார்ல போவசொல்லோ கண்ணாடிய இறக்கி உடணும். எங்க தெருவுல அல்லாரும் என் மூஞ்சியப் பாக்கணும். இல்லன்னா நான் வண்டி ஏற மாட்டேன்."

"அவ்ளோதான? கண்ணாடி இன்னா, கூரையவே கழட்டிடறேன்" என்றான் வேம்புலி.

அந்த ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்திரண்டில் ஊரில் கல்யாணத்துக்கு வாடகைக்கு ஓடியது ஜெயராமனின் கறுப்புக் கார் ஒன்றுதான். வெள்ளைக்காரன் காலத்து வண்டி. அதன் பின்கதவுக் கண்ணாடி மூன்று வருஷமாக இறங்கவில்லை. ஜெயராமன் கேட்கும்போதெல்லாம், "நம்ம ஊரு வெயிலு அதுக்கு ஒத்துக்கல அண்ணாத்தே" என்று சொல்லித் தட்டிக்கழித்து வந்தவன் சாட்சாத் வேம்புலியேதான். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும்!

கல்யாணத்துக்கு முந்தின நாள் அந்தக் கண்ணாடியின் கைப்பிடியைச் சுற்றினான். அசையவில்லை. கதவில் காலை உதைத்துக்கொண்டு சுற்றினான். கைப்பிடி மட்டும் கையோடு வந்தது. நாகவல்லி சொன்னால் சொன்னதுதான்.

ஸ்க்ரூவைக் கழற்றி, கதவின் உள்பலகையைப் பெயர்த்துக் கையை விட்டான். பிடிபட்டது மஞ்சள் அரிசி. அட்சதை! கண்ணாடி இறங்கிய காலத்தில் ஓடிய கல்யாணத்திலெல்லாம் பெரிசுகள் ஜன்னல் வழியே தூவியதில் பாதிதான் மணமக்கள் தலைக்குப் போயிருக்கிறது. மீதி கண்ணாடி இடுக்கில் விழுந்து, மழையில் ஊறி, புளித்து, காய்ந்து, பற்சக்கரத்தைத் துருவோடு கவ்விக்கொண்டிருந்தது. அந்த வட்டாரத்து ஆசீர்வாதமெல்லாம் அங்கே அழுகிக் கிடந்தது.

"வாழ்த்தறேன்னு வந்து வண்டிய நாசம் பண்ணிக்கீதுங்க" என்று திட்டிக்கொண்டே சுரண்டினான். மண்ணெண்ணெயில் கழுவி, கிரீஸ் தடவி, வேறு கைப்பிடி மாட்டிச் சுற்றியபோது கண்ணாடி வழுக்கிக்கொண்டு இறங்கியது. வேம்புலிக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் தாலி ஏறிய கையோடு நாகவல்லி காரில் உட்கார்ந்து, தானே சுற்றிக் கண்ணாடியை இறக்கினாள். திரண்டு நின்ற தெருவை ஒவ்வொரு முகமாகப் பார்த்து நிதானமாகச் சிரித்தாள். அப்போது கிழவிகள் கைநிறைய அட்சதையோடு ஜன்னலை நெருங்கினார்கள். பக்கத்தில் இருந்த வேம்புலிக்கு உயிரே போனது. அவள் மடியில் குறுக்கே விழுந்து, இடுக்கை இரண்டு கையாலும் பொத்தினான்.

"பாருங்கடி, மாப்ள இப்பவே மடில உழுந்துட்டாரு!" என்று ஒரு கிழவி கூவ, தெருவே சிரித்தது.

"யோவ், இன்னா பண்ற?" என்றாள் நாகவல்லி.

"அரிசி உள்ள பூடும். மறுபடி இறுகிக்கும்."

"இறுகட்டும். இந்தத் தெரு எனக்கு அட்சத போடறத நான் பாக்கணும். கழட்டத்தான் நீ கீறியே. கைய எடு."

வேம்புலி கையை எடுத்தான். அரிசி கொட்டியது. கதவுக்குள் அது சலசலவென்று விழுவதைக் கேட்டுக்கொண்டே, பல்லைக் கடித்தபடி எல்லோரையும் பார்த்துச் சிரித்தான்.